1959-ல் நின்று போன கார்கள்: ஹவானா ரோட்டில் ஓடும் அமெரிக்க வண்டிகளின் கதை

1/
ஹவானா என்று கூகுளில் தேடினால் முதலில் வரும் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயின்ட் உதிர்ந்த பழைய கட்டடம். அதற்கு முன்னால் ரோஸ் கலரிலோ வான நீலத்திலோ, மீன் துடுப்பு மாதிரி வால் வைத்த நீளமான அமெரிக்க கார். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வரிசையில் 2017-ல் வந்த எட்டாவது படத்தின் ஆரம்ப ரேஸ் கூட அங்கேதான் எடுத்தார்கள்.

"கியூபாக்காரங்களுக்கு பழைய கார்னா உயிரு" என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாசமெல்லாம் அப்புறம் வந்தது. முதல் காரணம் சட்டம்.

2/
ஒரு குட்டித் தீவுக்கு இத்தனை அமெரிக்க கார் எப்படி வந்தது, வரத்து ஏன் நின்றது, யார் எந்த வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று அரசு எப்படி முடிவு செய்தது, அதனால் ஒரு டாக்டரின் வருமானம் ஒரு பழைய செவர்லேயின் வருமானத்துக்குக் கீழே போனது எப்படி. இதுதான் இந்த இழை.

நான் மருத்துவன். அதனால் கடைசியில் கொஞ்சம் நெஞ்செலும்பு, விலா எலும்பு பற்றியும் வரும். நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

3/
கதை சர்க்கரையில் ஆரம்பிக்கிறது.

1898-ல் ஸ்பெயின் கியூபாவை விட்டு வெளியேறியது. 1902-ல் பெயருக்கு சுதந்திரம். 1903-ல் அமெரிக்காவோடு ஒரு வர்த்தக ஒப்பந்தம். கியூப சர்க்கரைக்கு அமெரிக்காவில் 20% சுங்க வரி தள்ளுபடி. பதிலுக்கு அமெரிக்கப் பொருட்களுக்குக் கியூபாவில் 20 முதல் 40% வரை தள்ளுபடி. 1934-ல் இன்னொரு ஒப்பந்தம், கூடவே சர்க்கரைக்கு கோட்டா. அதாவது, "உன் சர்க்கரையை இவ்வளவு வாங்கிக்கிறேன், என் சரக்கை நீ வாங்கிக்கோ."

4/
ஐரோப்பிய கார்களால் இந்த வரிச் சலுகையோடு போட்டி போட முடியவில்லை. தூரமும் அமெரிக்காவுக்குச் சாதகம். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் முனையிலிருந்து கியூபா சுமார் 145 கிலோமீட்டர். சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற தூரம், நடுவில் கடல், அவ்வளவுதான். 1950-களில் கீ வெஸ்டுக்கும் ஹவானாவுக்கும் இடையே கார் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி ஓடியது. டெட்ராய்ட்டில் புது மாடல் வந்தால் கொஞ்ச நாளில் ஹவானா ஷோரூமில் நிற்கும்.

செவர்லே, ஃபோர்டு, பியூக், பிளிமத், டாட்ஜ், ஓல்ட்ஸ்மொபீல், பணக்காரர்களுக்கு காடிலாக்.

5/
இது எல்லாருக்குமான செழிப்பு இல்லை. கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு வருஷத்தில் நாலு மாசம்தான் வேலை. மீதி மாசங்களுக்கு அங்கே பெயரே 'செத்த காலம்'.

டாக்டர்கள் கணக்கும் அப்படித்தான். 1959-ல் நாடு முழுக்க சுமார் 6,000 டாக்டர்கள். அதில் பெரும்பாலோர் ஹவானாவில். கிராமத்தில் பிரசவ வலி வந்தால் கடவுள்தான் துணை. பளபளக்கும் பியூக் ஓடிய தலைநகரும், டாக்டர் முகமே பார்க்காத கிராமமும் ஒரே தீவில்தான் இருந்தன. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

6/
1959 ஜனவரி 1. சர்வாதிகாரி பாடிஸ்டா விமானம் ஏறி ஓடினார். ஜனவரி 8-ல் ஃபிடல் காஸ்ட்ரோ ஹவானாவுக்குள் நுழைந்தார்.

அடுத்த வருஷம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கியூபா சோவியத் கச்சா எண்ணெய் வாங்கியது. தீவில் இருந்த எஸ்ஸோ, டெக்சாகோ, ஷெல் சுத்திகரிப்பு ஆலைகள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. காஸ்ட்ரோ அரசு ஆலைகளைக் கையகப்படுத்தியது. ஜூலையில் ஐசன்ஹோவர் சர்க்கரை கோட்டாவை வெட்டினார். பதிலுக்கு மேலும் பல அமெரிக்க நிறுவனங்கள் அரசுடைமை ஆயின.

7/
1960 அக்டோபர் 19. உணவு, மருந்து தவிர மற்ற அமெரிக்கப் பொருட்களைக் கியூபாவுக்கு ஏற்றுமதி செய்யத் தடை. கார் வரத்து அன்றோடு நின்றது. காரை விட முக்கியம், ஸ்பேர் பார்ட்ஸ் வரத்தும் நின்றது.

1962 பிப்ரவரி 3-ல் கென்னடி முழு வர்த்தகத் தடையில் கையெழுத்திட்டார். ஒரு துணைக்கதை உண்டு. அதற்கு முன்னாடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு கியூப சுருட்டு வாங்கி வரச் சொன்னாராம். சாலிஞ்சர் 1,200 சுருட்டு கொண்டு வந்து கொடுத்த பிறகே கையெழுத்து விழுந்தது. சாலிஞ்சரே பின்னாளில் சொன்ன கதை இது.

8/
கென்னடி சுருட்டை ஸ்டாக் வைத்துக்கொண்டார். ஹவானா மெக்கானிக்கிடம் ஸ்டாக் எதுவும் இல்லை.

இந்தச் சமயத்தில் வசதியான குடும்பங்கள் மயாமிக்குக் கிளம்பின. வீடு, கார் எல்லாம் விட்டுவிட்டுத்தான் போக முடியும். டாக்டர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், சுமார் 3,000 பேர், சில வருஷங்களில் வெளியேறினார்கள். கார்கள் தங்கின, டாக்டர்கள் போனார்கள். டாக்டர்களை அரசு புதிதாக உருவாக்க ஆரம்பித்தது. கார்களை உருவாக்க முடியவில்லை.

9/
இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். சொந்த உரிமை.

புரட்சி அரசு பல வருஷம் கடைப்பிடித்த விதி இது: புரட்சிக்கு முன்பே தீவில் இருந்த கார்களை மட்டும் மக்கள் தங்களுக்குள் சுதந்திரமாக வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். அதற்குப் பிறகு வந்த வண்டிகள் அரசு மனசு வைத்துக் கொடுத்தால் உண்டு.

கொடுத்த வண்டிகள் எல்லாம் சோஷலிச நாட்டுச் சரக்கு. லாடா, மாஸ்க்விச், போலந்து ஃபியட்.

10/
யாருக்குக் கொடுத்தார்கள்? சிறந்த தொழிலாளி, விளையாட்டு வீரர், இன்ஜினியர், கலைஞர், டாக்டர். 'நாட்டுக்கு உழைச்சவங்க, எடுத்துக்கோங்க' என்கிற மாதிரி ஒரு மரியாதை. ஆனால் அந்த லாடாவை விற்க முடியாது.

இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஆறு வருஷம் மருத்துவம் படித்து, கிராமத்தில் வேலை பார்த்து, பரிசாக லாடா வாங்கியவர். அவர் அதை விற்றுக் காசாக்க முடியாது. இன்னொருவர் தாத்தாவின் 1954 செவர்லேயை வாரிசாகப் பெற்றவர். அதை அவர் நாளைக்கே விற்கலாம். சமத்துவம் பேசிய நாட்டில், சந்தை மதிப்புள்ள சொத்து என்று மிஞ்சியது பழைய முதலாளித்துவ நாட்டின் கார். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. விதியின் பக்கவிளைவு.

11/
சரி, பார்ட்ஸ் இல்லாமல் 60 வருஷம் எப்படி ஓட்டினார்கள்?

பானெட்டைத் திறந்தால் தெரியும். வெளியே 1956 ஃபோர்டு. உள்ளே ரஷ்ய வோல்கா இன்ஜின். பிற்காலத்தில் ஜப்பானிய, கொரிய டீசல் இன்ஜின்கள். அமெரிக்க வி-8 இன்ஜின் பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். டீசல் கட்டுப்படியாகும். பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள் லாடாவிலிருந்து. இல்லாத பார்ட்டை லேத்தில் கடைந்து எடுப்பார்கள். கிடைத்த ரப்பரை வெட்டி கேஸ்கெட். பிரேக் ஆயில் கிடைக்காத காலத்தில் ஷாம்பூ கலவையை ஊற்றி ஓட்டியதையும் பத்திரிகையாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

12/
எங்க பாஷையில் சொன்னால் இதயம், கல்லீரல், கிட்னி எல்லாமே வேறு வேறு ஆளிடமிருந்து வாங்கிப் பொருத்திய நோயாளி. தோல் மட்டும் சொந்தம். அந்தத் தோலும் பாதி பட்டி. ஹவானாவின் கடற்கரைச் சாலையில் அலை ரோட்டு மேலேயே அடிக்கும். உப்புக் காற்று தகரத்தைத் தின்னும். தின்ற இடத்தில் தகடு வைத்து, பட்டி பூசி, மேலே பளபளவென்று பெயின்ட்.

"தடை நீங்கினால் அமெரிக்க பணக்காரங்க வந்து கோடி கோடியா கொடுத்து அள்ளிட்டுப் போயிடுவாங்க" என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக உண்டு. பழைய கார் சேகரிப்பவர்கள் தேடுவது ஃபேக்டரியில் மாட்டிய அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ். டீசல் இன்ஜின் வைத்த பெல் ஏருக்கு அந்தச் சந்தையில் பெரிய விலை இல்லை. அதன் விலை எல்லாம் ஹவானாவில்தான்.

13/
1991. சோவியத் யூனியன் உடைந்தது. மலிவு விலை எண்ணெய் நின்றது. நாட்டுப் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. அரசு இதற்கு வைத்த பெயர் 'சிறப்புக் காலம்'. பெயரில்தான் சிறப்பு.

பஸ் இல்லை, பெட்ரோல் இல்லை. தாத்தா கார் ஷெட்டில் நின்றது. அரசு சீனாவிலிருந்து சைக்கிள் இறக்குமதி செய்தது, பத்து லட்சத்துக்கும் மேல். மொத்த நாடும் சைக்கிளுக்கும் நடைக்கும் மாறியது. சாப்பாடும் குறைந்தது.

14/
மருத்துவ உலகத்தில் இது பெரிய பாடமாகப் படிக்கப்படுகிறது. 2013-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 1991-95 காலத்தில் மக்களின் உடல் எடை சராசரியாக 5.5 கிலோ குறைந்தது. அதைத் தொடர்ந்த வருஷங்களில் சர்க்கரை நோய், இதய நோய் சாவுகள் வேகமாகக் குறைந்தன. பொருளாதாரம் தேறி, எடை திரும்பி ஏறியதும் சர்க்கரை நோய் மறுபடி ஏறியது.

"பார்த்தீங்களா, பட்டினி நல்லது!" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு போட்டுடாதீங்க. அடுத்ததையும் படிங்க.

15/
அதே காலத்தில், 1992-93-ல், 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வை நரம்பும் கை கால் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. பார்வை மங்கல், கால் எரிச்சல், மரத்துப் போதல். முக்கியமான காரணம் சத்துக் குறைபாடு, குறிப்பாக பி வைட்டமின்கள். புகைப் பழக்கம் அதைக் கூட்டியது. நாடு முழுவதும் எல்லாருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்துத்தான் அடக்கினார்கள்.

கட்டாயத்தில் நடப்பது வேறு, விரும்பி நடப்பது வேறு. ஒரே நெருக்கடி சில நோய்களைக் குறைத்தது, புது நோய் ஒன்றைக் கொண்டு வந்தது.

16/
சிலர் தீவை விட்டே கிளம்பினார்கள். அதற்கும் அமெரிக்க வண்டியைப் பயன்படுத்தினார்கள் என்றால் நம்புவீங்களா?

2003 ஜூலை. ஃபுளோரிடாவுக்குத் தெற்கே கடலில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரு காட்சியைப் பார்த்தது. 1951 செவர்லே லாரி ஒன்று தண்ணீரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மிதப்பதற்குக் காலி பேரல்கள். லாரியின் இன்ஜினே பின்னால் ப்ரொப்பெல்லரைச் சுற்றியது. உள்ளே 12 பேர். அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள், லாரியைக் கடலிலேயே மூழ்கடித்தார்கள்.

17/
அதில் இருந்த சிலர் 2004 பிப்ரவரியில் மறுபடி வந்தார்கள். இந்த முறை 1959 பியூக் காரைப் படகாக்கி! அதையும் பிடித்து மூழ்கடித்தார்கள். 2005-ல் ஒரு குழு 1948 மெர்குரி டாக்ஸியில் வந்தது.

படத்தைப் பார்த்து உலகமே சிரித்தது, கைதட்டியது. எனக்கு அதில் தெரிவது வேறு. டெட்ராய்ட்டில் செய்து, சர்க்கரை விற்ற காசில் வாங்கி, ஐம்பது வருஷம் ஒட்டுப் போட்டு ஓட்டிய வண்டி, வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தது. குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கும் அளவுக்கு ஒரு குடும்பம் தள்ளப்பட்டது. அதைச் சிரிப்போடு கடந்து போக முடியவில்லை.

18/
ஊருக்குத் திரும்புவோம். 1990-களில் அரசு சுயதொழிலுக்கு அனுமதி கொடுத்தது, டாலர் புழக்கத்தையும் அனுமதித்தது. பழைய கார்கள் டாக்ஸி ஆயின.

இதற்கு அங்கே பெயர் 'அல்மென்ட்ரோன்', அதாவது பெரிய பாதாம் கொட்டை. காரின் உருண்டை வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். ஓட்டுநருக்குப் பெயர் 'போதேரோ', படகுக்காரர். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ கணக்குதான். குறிப்பிட்ட ரூட், கை காட்டினால் நிற்கும், இடித்துப் பிடித்து உட்காரணும், இறங்கும்போது காசு. பல வருஷம் ஒரு சவாரிக்கு ஆளுக்கு 10 பெசோ.

19/
இப்போ டாக்டர் சம்பளத்தைப் பார்ப்போம்.

2014-ல் கியூப அரசு மருத்துவர்களுக்கு நல்ல சம்பள உயர்வு கொடுத்தது. இரண்டு ஸ்பெஷாலிட்டி முடித்த டாக்டருக்கு மாசம் சுமார் 26 டாலராக இருந்தது 67 டாலர் ஆனது. உள்ளூர்க் காசில் 1,600 பெசோ.

1,600 பெசோவை 10 பெசோவால் வகுத்தால் 160 சவாரி. ஒரு அல்மென்ட்ரோனில் தடவைக்கு ஆறு பேர் என்றால் 27 ட்ரிப். டீசல், ரிப்பேர், வரி எல்லாம் கழித்தாலும் டாக்டரின் ஒரு மாசச் சம்பளத்தைத் தாத்தாவின் செவர்லே ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடும்.

20/
சுற்றுலாப் பயணியை ஏற்றும் கூரை திறந்த கார் என்றால் கணக்கே வேறு. ஒரு மணி நேரத்துக்கு 30, 40 டாலர். இரண்டு மணி நேர ஊர் சுற்றல், ஒரு சர்ஜனின் மாசச் சம்பளம்!

அதனால் படித்தவர்கள் பலர் தொழிலை விட்டு டாக்ஸி, ஹோட்டல் என்று போனார்கள். டாக்டர் தனியாக கிளினிக் வைத்துக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. டாக்ஸிக்கு லைசென்ஸ் உண்டு, ஸ்டெதஸ்கோப்புக்கு இல்லை. படிப்பை இலவசமாகக் கொடுத்த நாடு அந்தப் படிப்புக்கு உரிய கூலியைக் கொடுக்க முடியாத இடத்தில் வந்து நின்றது.

21/
இன்னொரு முடிச்சு இருக்கு. அந்த டாக்ஸிக்கு டீசல் எங்கிருந்து வந்தது?

2000 அக்டோபரில் கியூபாவும் வெனிசுவேலாவும் ஒப்பந்தம் போட்டன. ஆரம்பத்தில் தினமும் 53,000 பேரல் எண்ணெய் சலுகை விலையில் கியூபாவுக்கு. பதிலுக்கு கியூபா கொடுத்ததில் முக்கியமானது மருத்துவ சேவை. பல ஆயிரம் டாக்டர்களும் நர்ஸ்களும் வெனிசுவேலாவின் குடிசைப் பகுதிகளுக்குப் போனார்கள்.

ஒரு காலத்தில் சர்க்கரை கொடுத்து கார் வாங்கிய நாடு, இப்போது டாக்டரைக் கொடுத்து அந்தக் காருக்கு எண்ணெய் வாங்கியது.

22/
வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய டாக்டருக்கு ஒரு சலுகை இருந்தது. அரசிடம் ஒரு கடிதம் வாங்கலாம். அந்தக் கடிதம் இருந்தால் அரசு விற்கும் பழைய வாடகைக் காரை வாங்க அனுமதி. கடிதம் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். கடைசியில் அந்தக் கடிதத்துக்கே கள்ளச்சந்தை உருவானது. காருக்கு இல்லீங்க, கார் வாங்கும் அனுமதிக் கடிதத்துக்கு!

23/
2011 அக்டோபரில் விதி தளர்ந்தது. 1959-க்குப் பிறகு வந்த கார்களையும் மக்கள் தங்களுக்குள் வாங்கலாம், விற்கலாம். டாக்டரின் லாடாவுக்கு அப்போதுதான் சந்தை விலை கிடைத்தது.

2014 ஜனவரியில் கடித முறையும் போனது. யார் வேண்டுமானாலும் அரசு ஷோரூமில் கார் வாங்கலாம். சந்தோஷமாக ஷோரூமுக்கு ஓடியவர்கள் விலைப் பட்டியலைப் பார்த்து உறைந்து போனார்கள். பெஜோ 508 கார் 2,62,000 டாலர். மேலே சொன்ன உயர்த்தப்பட்ட டாக்டர் சம்பளத்தில் ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தால் சுமார் 325 வருஷம் ஆகும்.

தடை கடிதத்தில் இருந்து விலைக்கு மாறியது. பழைய செவர்லே ரோட்டில் தொடர்ந்தது.

24/
இனி நான் சொன்ன விலா எலும்பு பகுதி.

"அந்தக் காலத்து வண்டி கெட்டி இரும்பு சார், இடிச்சா எதிர்ல வர்றவன்தான் காலி." அம்பாசடர் காலத்திலிருந்து நம்ம ஊரிலும் கேட்கிற வசனம். ஹவானாவிலும் இதே நம்பிக்கை உண்டு.

2009-ல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் நிறுவன அமைப்பு இதை நேரடியாகச் சோதித்தது. 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர், ஓட்டுநர் பக்கமாக மோத விட்டார்கள்.

25/
வீடியோ யூடியூபில் இருக்கு, பாருங்க. கெட்டி இரும்பு பெல் ஏர் காகிதம் மாதிரி மடிந்தது. டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் பொம்மை ஓட்டுநர் மேல் வந்து நின்றன. உண்மையான மனிதராக இருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்த பொம்மைக்குக் காலில் சின்ன அடி.

காரணம் எளிது. மோதும்போது வண்டியின் ஓட்ட ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். புது காரில் முன் பகுதி திட்டமிட்டு நசுங்கி அதை வாங்கிக்கொள்ளும், ஆள் உட்கார்ந்திருக்கும் கூடு கலையாது. பழைய காரில் அந்த ஏற்பாடு இல்லை. மீதியை உங்க உடம்பு வாங்கிக்கொள்ளும்.

26/
அந்தக் கால ஸ்டீயரிங் தண்டு ஒரே நீளமான இரும்புக் கம்பி. மோதலில் முன் பகுதி பின்னுக்கு வரும்போது அந்தக் கம்பி ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி வரும். நெஞ்செலும்பு முறியும். விலா எலும்புகள் வரிசையாக உடையும். மகாதமனி கிழிந்தால் ஆஸ்பத்திரி வந்து சேரும் முன்பே உயிர் போகும். மோதினால் மடங்கிக்கொடுக்கும் ஸ்டீயரிங் தண்டு அமெரிக்க கார்களில் பரவலாக வந்தது 1967-68-ல்.

அதாவது ஹவானாவின் கார்கள் வந்து சேர்ந்து பல வருஷம் கழித்து.

27/
இதில் ஒரு வரலாற்று விபரீதம் பாருங்க. வோல்வோ கம்பெனி இன்ஜினியர் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட், இன்று நாம் போடுகிற அதே பெல்ட், விற்பனைக் காரில் வந்தது 1959-ல். முன் பகுதி திட்டமிட்டு நசுங்கும் மெர்சிடிஸ் கார் வந்ததும் 1959-ல்.

ஹவானாவின் காலண்டர் நின்ற அதே வருஷம் கார் பாதுகாப்பின் காலண்டர் ஆரம்பித்தது. ஒரு வருஷ வித்தியாசத்தில் இரண்டு உலகம்.

28/
இன்னொன்று. 1956-ல் ஃபோர்டு கம்பெனி பாதுகாப்பை முன்னிறுத்தி ஒரு முயற்சி செய்தது. உள்குழிந்த ஸ்டீயரிங், எளிதில் திறக்காத கதவுப் பூட்டு, கூடுதல் காசுக்கு சீட் பெல்ட். இதற்குப் பின்னால் இருந்த முக்கியமான நிர்வாகி ராபர்ட் மெக்நமாரா. பாதுகாப்பைச் சொன்னால் கார் விற்காது என்று தொழிலில் இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். விஷயம் அமுங்கியது.

அதே மெக்நமாராதான் 1962 அக்டோபரில் கியூப ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர்.

29/
அமெரிக்காவில் 1965-ல் ரால்ஃப் நேடர் கார் கம்பெனிகளின் அலட்சியத்தைப் புத்தகமாக எழுதினார். 1966-ல் சட்டம் வந்தது. பழைய கார்கள் மெல்ல மெல்ல காயலாங்கடைக்குப் போயின, புதியவை வந்தன. ஒரு சமுதாயம் பாதுகாப்பாக மாறுவது இப்படித்தான். சட்டம் மட்டும் போதாது, வண்டியும் மாற வேண்டும்.

கியூபாவில் வண்டி மாற வழியில்லை. பெல்ட் இல்லாத, தலைக்குத் தாங்கல் இல்லாத, பிரேக் எப்போது பிடிக்கும் என்று ஓட்டுநருக்கு மட்டுமே தெரிந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போகிற கியூபத் தாய்க்கு அது ரம்மியமான பழமை கிடையாது. வேறு பஸ் வரவில்லை, அவ்வளவுதான்.

30/
இப்போ நிலைமை? 2016-ல் ஒபாமா ஹவானா போனார், அமெரிக்க சொகுசுக் கப்பல்கள் வந்தன, ரோஸ் கலர் கார்களுக்குப் பொற்காலம். 2019-ல் டிரம்ப் அரசு கப்பல்களைத் தடுத்தது. அடுத்து கொரோனா. வெனிசுவேலா எண்ணெயும் குறைந்தது. 2024 மார்ச்சில் பெட்ரோல் விலை லிட்டர் 25 பெசோவிலிருந்து 132 பெசோவுக்கு ஏறியது. காரை வைத்திருந்தவரும் தவிக்கிறார், டாக்டரும் தவிக்கிறார். ஏராளமான டாக்டர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். 1960-களில் நடந்தது மறுபடி நடக்கிறது.

31/
யார் மேல் தப்பு என்று கேட்டால், வாஷிங்டன் ஹவானாவைக் காட்டும், ஹவானா வாஷிங்டனைக் காட்டும். இரண்டிலும் உண்மை இருக்கு. இறக்குமதிக் கதவைப் பூட்டியது அமெரிக்கத் தடை. ஆனால் ஜப்பானும் ஐரோப்பாவும் கார் விற்கத் தயாராகத்தான் இருந்தன. யார் வாங்கலாம், யார் விற்கலாம், எந்த விலைக்கு என்ற உள் பூட்டைப் போட்டது கியூப அரசு. இரண்டு பூட்டுக்கும் நடுவில் மாட்டியவர்கள் சாதாரண மக்கள். அவர்கள் ஸ்பானரை எடுத்து வேலை பார்த்தார்கள்.

32/
அந்த மெக்கானிக்குகள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. மருந்து இல்லாத வார்டில் இருப்பதை வைத்து நோயாளியைக் காப்பாற்றும் டாக்டரும், பார்ட்ஸ் இல்லாத பட்டறையில் இன்ஜினை எழுப்பும் மெக்கானிக்கும் ஒரே ஜாதி. இருவரையும் புகழும்போது, அந்த நிலைமையைக் கொண்டு வந்தவர்களையும் சேர்த்துப் புகழ்ந்துவிடக் கூடாது.

ஹவானா போனால் அந்த காரில் ஏறுங்க, போட்டோ எடுங்க, ஓட்டுநருக்கு டிப்ஸ் தாராளமா கொடுங்க. அவர் பழைய டாக்டராகக் கூட இருக்கலாம்.

33/
கடைசியா, டாக்டரா ஒரு வேண்டுகோள். ஹவானாவில் பெல்ட் போட வழியில்லை. உங்க வண்டியில் இருக்கு, பின் சீட்டிலும் இருக்கு. உங்களுக்கு வர அது எவ்வளவு தூரம் கடந்து வந்தது என்று இப்போ தெரியும். போட்டுட்டு வண்டிய எடுங்க.

இழை முடிந்தது.